நான் ஃப்ரேம் போட்டுக் கொடுத்த எட்டு சர்டிபிகேட்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், கொடைக்கானல் பஜாரில் இருக்கும் என் கடையில் இது நடந்தது. போட்டோவுக்கும் சர்டிபிகேட்டுக்கும் ஃப்ரேம் போடுவது என் தொழில். கூடவே ஒரு ஜெராக்ஸ் மெஷினும் ஒரு லேமினேஷன் மெஷினும் உண்டு. எனக்கு நயமாகப் பேச வராது. முதலில் கோபம் வரும், யோசனை பிறகுதான் வரும். எழுத்தும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஒரே மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான்கு நாள் லீவுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். தட்டில் வைத்த சோறு வைத்தபடி திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் ஒன்றுமில்லை, நல்ல கவுன்சலர் யாரிடமாவது கூட்டிப்போங்கள் என்று டாக்டரம்மா சொன்னார்.

கவுன்சலர் என்றதும் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். பஜாருக்கு மேலே, ஒரு மாடி அறையில் 'மனநல ஆலோசகர்' என்று போர்டு வைத்திருந்தவர். அவருடைய எட்டு சர்டிபிகேட்டுக்கும் நான்தான் ஃப்ரேம் போட்டேன். தேக்கு கலர் பீடிங் சட்டம், ஓரத்தில் தங்கக் கோடு. நானே போய் ஆணி அடித்து, மேலே நாலு, கீழே நாலு, நூல் பிடித்த மாதிரி மாட்டிவிட்டு வந்தேன். அந்தச் சுவரைப் பார்த்தால் எனக்கே எழுந்து நிற்கத் தோன்றும். இத்தனை சர்டிபிகேட் வாங்கிய மனுசனை விட்டுவிட்டு வேறு யாரைத் தேடுவது?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபது வருடமாக மற்றவர்கள் சர்டிபிகேட்டுக்கு ஃப்ரேம் போடுகிறேன். ஒரு சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்தால் நான் முதலில் பார்ப்பது நீளமும் அகலமும். அப்புறம் தாளின் கனம். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை.

மகளை அவள் அம்மா கூட்டிப்போனாள். இரண்டு தடவை போய் வந்தார்கள். இரண்டாவது தடவை முடிந்த மறுநாள் அந்த ஆலோசகரே என் கடைக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். என்ன சார் சொல்கிறாள் என்று நான்தான் கேட்டேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"வெளிய சொல்லிக்கிறாதீங்க பாய். பாப்பா ரெண்டு பேப்பர்ல ஃபெயிலு. அதுகூட பெருசில்ல. உங்கள நெனச்சாத்தான் பயமாம். நீங்க மாடிப்படி ஏறுற சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிச்சுக்கிதாம்."

நான் கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மாடிப்படி அதிர ஏறினேன். கம்பளியைப் பிடித்து இழுத்தேன்.

"என்னப் பாத்து உனக்கு என்ன பயம்? நான் என்ன புலியா?"

தெருவில் போனவன் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன் என்று பிறகு மனைவி சொன்னாள். மகள் அழவில்லை. ரொம்ப மெதுவாக, "அத்தா, அத நான் அவருட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்றாள். அதோடு சரி. அதற்குப் பிறகு என்னிடம் மட்டுமில்லை, அவள் அம்மாவிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை இரண்டு வாய் கஞ்சியாவது குடித்துக்கொண்டிருந்தவள் அதையும் குறைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து எதிர்ப்பக்க பேக்கரிக்காரர் கடைக்குள் தலையை நீட்டினார். "என்ன பாய், பாப்பா அரியர் வச்சிருச்சாமே? விடுங்க. எம்மவன் ஆறு வச்சிருக்கான், மூணு வேளையும் நல்லாத்தான் திங்கிறான்." ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியும் சொல்லவில்லை. அப்படியானால் சொன்னது யார்?

யோசித்துப் பார்த்தால், அந்த ஆலோசகர் அதற்கு முன்பே என் கடையில் டீ குடித்தபடி ஒரு லாட்ஜ்காரர் மனைவியைப் பற்றியும் ஒரு வாத்தியாரைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். நான் 'ம்' கொட்டிக்கொண்டு சுவாரசியமாகக் கேட்டிருக்கிறேன். அடுத்த வீட்டுக் கதையை என்னிடம் சொல்லும் ஆள் என் வீட்டுக் கதையை அடுத்தவனிடம் சொல்லமாட்டாரா? இது விளங்காத மண்டை என்னுடையது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். "இம்புட்டு சர்டிபிகேட் இருக்குன்னு சொல்லித்தான அனுப்புனீங்க? அதுல என்ன எழுதிக் கெடக்குன்னு பாத்தீங்களா?"

வேலை முடித்த ஃப்ரேமை எல்லாம் போட்டோ எடுத்து வைப்பது என் வழக்கம், புது கஸ்டமருக்குக் காட்டுவதற்காக. மறுநாள் வெள்ளனே கடையைத் திறந்து, அந்த எட்டையும் போனில் பெரிதாக்கி, தெரியாத இங்கிலீஷ் வார்த்தைக்குப் போனிலேயே அர்த்தம் பார்த்துப் படித்தேன். மூன்று சர்டிபிகேட், கம்ப்யூட்டரில் இரண்டு மணி நேர வகுப்பு கேட்டதற்கு. ஒன்று, சனி ஞாயிறு இரண்டு நாள் முகாமில் கலந்துகொண்டதற்கு. ஒன்று யோகாவுக்கு. ஒன்று, ஒரு ரிசார்ட்டில் வேலையாட்களுக்குப் பேசியதற்காக அந்த ரிசார்ட் கொடுத்த நன்றி. ஒன்று ரத்ததானம் செய்ததற்கு. எட்டாவது, ஏரியைச் சுற்றி ஓடியதற்கு.

ரத்தம் கொடுப்பது நல்ல காரியம். ஏரியைச் சுற்றி ஓடினால் உடம்புக்கு நல்லது. என் மகள் நெஞ்சைத் திறந்து பேசியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேராக அந்த மாடிக்குப் போனேன். நான் அடித்த ஆணியில் நான் மாட்டிய எட்டும் நேராகத் தொங்கின. "சார், இந்தச் சோலிக்கு உங்களுக்கு லைசென்ஸ் எங்க இருக்கு?" என்றேன்.

"இதுக்கெல்லாம் என்ன பாய் லைசென்ஸ்? மனசு இருந்தாப் போதும்."

"ஜீப்புல டூரிஸ்ட்ட ஏத்துறவனுக்கே பேட்ஜ் வேணுங்குறான் சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "பேக்கரிக்காரர்ட்ட தெரியாம வாய் விட்டுட்டேன், தப்புதான். ஆனா உங்கள்ட்ட சொன்னது தப்பா? நீங்கதான பாய் கேட்டீங்க? பெத்தவரு கேக்குறப்ப எப்பிடிச் சொல்லாம இருக்குறது?"

சட்டையைப் பிடிக்கிற வேகத்தில் போனவன் அப்படியே திரும்பி இறங்கி வந்தேன். கேட்டது நான்தான். அவர் கெட்ட ஆள் இல்லை. சொல்லக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான். கேட்கக்கூடாது என்று எனக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். அப்படியானால் இந்த வேலைக்கு உண்மையான பேப்பர் எது? அதை யார் கொடுப்பது? கறிக்கடைக்கு லைசென்ஸ் யார் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தராசுக்குக்கூட முத்திரை வைக்கிறார்கள். மனசைப் பார்க்கிறவருக்கு யார் முத்திரை வைப்பது? ஜெராக்ஸ் எடுக்க வருகிற எல்லாரையும் கேட்டேன். ஒருவர் அதற்குத் தனிப் படிப்பு இருக்கிறது என்றார். ஒருவர் டாக்டருக்குத்தான் படிக்க வேண்டும் என்றார். ஒருவர் சிரித்துக்கொண்டே, "போர்டு எழுதத் தெரிஞ்சாப் போதும் பாய்" என்றார். ஒருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நனைந்தபடி வந்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு தடித்த ஃபைல். எல்லாவற்றிலும் இரண்டு காப்பி வேண்டும், தாண்டிக்குடியில் கரண்ட் இல்லை, அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றார்.

முதல் தாளே சர்டிபிகேட். வழக்கம்போல், "ஒரிஜினல லேமினேஷன் பண்ணிரவா?" என்றேன்.

"ஐயோ, வேணாங்க! அதுல பிளாஸ்டிக்க ஒட்டிட்டா அடுத்த தடவ ஒருத்தரும் ஏத்துக்க மாட்டாங்க. கொஞ்ச வருசத்துக்கு ஒருக்கா ரினிவல் பண்ணணும்."

ரினிவல் என்ற வார்த்தையில் என் காது நிமிர்ந்தது. இந்த முறை நீள அகலம் பார்க்கவில்லை. படித்தேன். அந்த அம்மா கவுன்சலர்.

அடுத்தடுத்த தாள்களில் கட்டம் போட்டு தேதி, எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று வரிசையாக எழுதியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கீழே வேறு ஒருவருடைய கையெழுத்து. ஆனால் பேர் இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் நம்பர்.

"என்னம்மா, ஆளுக பேரு எங்க?"

"பேரு எழுதக்கூடாதுங்க. அந்தக் கையெழுத்துப் போடுற அம்மாவுக்குக்கூட நான் பேரு சொல்ல மாட்டேன்."

நான் மெஷினை நிறுத்திவிட்டு அவருக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். வெளியே மழை, வேறு கஸ்டமர் இல்லை. அரை மணி நேரம் அவரைக் குடைந்து எடுத்துவிட்டேன். எத்தனை வருடம் படிக்க வேண்டும்? அந்தக் கையெழுத்து யாருடையது? ரினிவல் எதற்கு? அவர் சலிக்காமல் சொன்னார். படிப்பு முடித்து, மூத்த கவுன்சலர் ஒருவர் மேற்பார்வையில் நூற்றுக்கணக்கான மணி நேரம் வேலை பார்த்து, தனக்குப் புரியாததை எல்லாம் அவரிடம் கொண்டுபோய்க் கேட்ட பிறகுதான் இந்தப் பேப்பர். வாங்கிய பிறகும் வகுப்புக்குப் போனதைக் காட்டினால்தான் புதுப்பிப்பார்கள். சட்டப்படி கட்டாயமா என்று கேட்டேன். இன்னும் எல்லாம் சீராகவில்லை, போர்டு மாட்டுகிறவரை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை என்று ஒளிக்காமல் சொன்னார்.

அவர் அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்களாம். பேச்சில் அந்த வாடை இருந்தது. "இந்தப் பேப்பர் இருக்கிறதால நான் நல்லாக் கதைப்பேன்னு அர்த்தமில்லங்க" என்றார். "நான் தப்புப் பண்ணினா எம் மேல புகார் குடுக்க ஒரு இடம் இருக்கு. விசாரிச்சு இதப் பிடுங்கிடுவாங்க. விளங்குதுங்களா?"

விளங்கியது. மாடியில் தொங்கும் எட்டில் ஒன்றையாவது யாராலாவது பிடுங்க முடியுமா? ஆணியை வேண்டுமானால் பிடுங்கலாம். நான் ஃப்ரேம் போட்டு அடைத்த பேப்பர் எல்லாம் எந்த ஆபீஸ் மேஜைக்கும் பதில் சொல்லப் போக வேண்டாத பேப்பர். இந்த அம்மாவின் பேப்பர் ஓரம் மடிந்து, கசங்கி, ஊர் ஊராகப் போய்வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் மகள் விஷயத்தைச் சொன்னேன். நான் கத்தியதையும் சொன்னேன், மறைக்கவில்லை. நாளைக்கே கூட்டிவருகிறேன் என்றேன்.

"நீங்க கூட்டிட்டு வரக்கூடாது பாய். அவங்களா வரணும். பத்தொம்பது வயசுல்ல?" என்றவர், பையிலிருந்து, கவுன்சலிங்குக்கு வருகிறவர்கள் சம்மதம் எழுதிக் கொடுக்கும் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். தமிழில்தான் இருந்தது. "இத அவங்க கைக்கு எட்டுற இடத்துல வச்சிடுங்க. படிங்கன்னு சொல்லாதீங்க. ஒண்ணுமே சொல்லாதீங்க."

ஒன்றுமே சொல்லாமல் ஒரு பேப்பரை வைத்துவிட்டு வருவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டால் தெரியும். மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் நான் டம்ளர் எடுக்கப் போனபோது சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இதுல கையெழுத்து யாரு போடணும்?"

"நீதான்மா" என்றேன். மேலே பத்து வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் மனைவி அந்தப் படிவத்தைக் கடைக்குக் கொண்டுவந்தாள். மகள் தனக்கு ஒரு காப்பி வேண்டும் என்று கேட்டாளாம். மெஷினில் வைக்கும்போது படித்தேன். படிக்கிற பழக்கம் இப்போதுதான் வந்திருந்தது, அதுவும் தப்பான நேரத்தில். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், உங்களுக்குத் தெரிவித்துவிட்டு வீட்டாரிடம் சொல்வோம் என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே, வேறு யாரிடம் என்ன சொல்லலாம் என்று கோடு போட்ட இடம். என் மகள் எழுதியிருந்தாள்: 'அம்மாவிடம், நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும். அத்தாவிடம் எதுவும் வேண்டாம்.'

என்னிடம் எதுவும் சொல்லாதே என்ற பேப்பரை நானே தெளிவாகக் காப்பி எடுத்துக் கொடுத்தேன். முதல் காப்பி கொஞ்சம் மங்கல். கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தேன்.

புதன்கிழமை நானும் மகளும் தாண்டிக்குடிக்குப் போனோம். பெருமாள்மலை, பண்ணைக்காடு வழியாக பஸ். ஒரு காப்பிக்கொட்டை குடோனின் முன்னறையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒரு காலண்டர் மட்டும், ஃப்ரேம் ஒன்றுகூட இல்லை. மகள் உள்ளே போனாள், கதவு மூடிக்கொண்டது. நான் கொட்டை காயப்போடும் களத்தோரம் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்தேன். ஒரு ஜீப் டிரைவர் தெரிந்தவன், "என்ன பாய் இந்தப் பக்கம், வீட்டுல யாருக்கும் சொகமில்லையா?" என்றான். "என் சோலிக்கு வந்தேன், நீ உன் சோலியப் பாரு" என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. சத்தியமாகக் கேட்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். கால் தானாகப் போய்விட்டது.

"என்னம்மா சொன்னா?"

"அவங்கள்ட்டயே கேளுங்க பாய்."

"ஒரு வார்த்த சொல்லுங்க. ஆபத்து ஒண்ணுமில்லயே?"

"ஆபத்துன்னா சொல்லியிருப்பேன். மத்தது சொல்ல மாட்டேன்."

எனக்கு ஏறிவிட்டது. "நான் பெத்தவம்மா! எம் பிள்ளையப் பத்தி எங்கிட்டயே மறைப்பீங்களா?" என்று களமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "விளங்குது பாய். சொல்ல மாட்டேன்" என்றார் மறுபடியும்.

திரும்பிப் பார்த்தால் மகள் கதவுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் என்னை. பிறகு அந்த அம்மாவை, ரொம்ப நேரம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். போகும்போது வாங்கிய மலைவாழைப்பழம் அவள் மடியில் அப்படியே இருந்தது. நான் வெட்கத்தில் எதிர் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தேன். பண்ணைக்காடு தாண்டி ஒரு வளைவில், அவள் ஒரு பழத்தைப் பிய்த்து உரித்துத் தின்றாள். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதை உரித்து என்னிடம் நீட்டினாள். வாங்கித் தின்றேன்.

அந்தப் பழத்தை நினைக்காத நாள் இல்லை. உள்ளே அந்த அம்மா என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வெளியே, நான் கத்தக் கத்த அவர் வாயைத் திறக்காததை என் மகள் பார்த்தாள். அந்தப் படிவத்தில் எழுதியிருந்தது உண்மைதான் என்று அவளுக்கு அங்கேதான் உறுதியானது என்று நினைக்கிறேன்.

பல புதன்கிழமைகள் போனோம். ஒரே நாளில் எதுவும் சரியாகவில்லை. நடுவில் மறுபடி கம்பளிக்குள் போன வாரங்களும் உண்டு. இப்போது திண்டுக்கல்லில் வேறு ஒரு காலேஜில் படிக்கிறாள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருகிறாள். நான் இன்னும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மாடி ஏறுகிறேன். "அத்தா, இப்பல்லாம் பூனை மாதிரி வந்து பயமுறுத்துறீங்க" என்று போன மாதம் திட்டினாள்.

அந்த ஆலோசகர் ஒன்பதாவது சர்டிபிகேட்டோடு ஒரு நாள் கடைக்கு வந்தார். "வாங்க சார், இதுல என்ன போட்டிருக்குன்னு முதல்ல ரெண்டு பேரும் உக்காந்து படிச்சிருவோம்" என்றேன். பையில் திரும்பப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வத்தலக்குண்டில் ஃப்ரேம் போட்டுக்கொண்டதாகக் கேள்வி. போர்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. யாராவது என்னிடம் விசாரித்தால், சுவரைப் பார்க்காதீர்கள், படித்துப் பாருங்கள், தப்பு நடந்தால் நீங்கள் யாருக்குப் பதில் சொல்கிறீர்கள் என்று அவரிடமே கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். அவர் என்னிடம் சொன்ன மற்றவர்கள் கதையை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மூடிய கதவுக்குள் என் மகள் என்ன சொன்னாள் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேள்வி நாக்கு நுனி வரை வருகிறது. குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டுவிட்டு, அவள் தட்டை நீட்டுகிறாளே, எனக்கு இந்தப் பதில் போதும் என்று அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறேன்.